கிறிஸ்டோபர் ஹில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பற்றிப் பேச்சு வந்தால் கிறிஸ்டோபர் ஹில்லின் பெயர் வராமல் போகாது. பெயர் வந்ததும் அதே சந்தேகங்களும் வரிசையாக வரும். கட்சிக்காரரா, கல்லூரித் தலைவரா, உளவாளியா, அவர் எழுதியது இன்றைக்குச் செல்லுமா என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த கிறிஸ்டோபர் ஹில்? சுருக்கமா சொல்லுங்களேன்.

1912 பிப்ரவரி 6 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் பிறந்தவர். 17ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாறுதான் அவருடைய ஆயுட்காலப் பாடம். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் மாணவராக நுழைந்து, அங்கேயே ஆசிரியராகி, 1965 முதல் 1978 வரை அதன் தலைவராக இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்து 1957இல் விலகினார். இருபதுக்கு நெருக்கமான நூல்கள் எழுதினார். 2003 பிப்ரவரி 23 அன்று, 91 வயதில் காலமானார்.

அமெரிக்கத் தூதரா இருந்தாரே கிறிஸ்டோபர் ஹில், அவரா?

இல்லை. அவர் வேறு. பன்னாட்டு உறவுகள் பற்றி எழுதும் பேராசிரியர் ஒருவருக்கும் இதே பெயர் உண்டு, அவரும் வேறு. புத்தகக் கடையில் தேடும்போது பியூரிட்டன், கிராம்வெல், மில்டன், புரட்சி என்ற சொற்கள் தலைப்பில் இருந்தால் அது நம்மவர்.

வசதியான வீட்டுப் பையன் எப்படி கம்யூனிஸ்ட் ஆனார்?

அப்பா வழக்கறிஞர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது ஆழ்ந்த பக்தியுள்ள மெதடிஸ்ட் குடும்பம். மனசாட்சிக்கு விரோதமாக நடக்கக் கூடாது, ஆடம்பரம் கூடாது, கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்ற போதனையைக் கேட்டே பையன் வளர்ந்தார். பின்னாளில் கடவுள் நம்பிக்கை போய்விட்டது. அந்த ஒழுக்கத்தின் பிடி மட்டும் போகவில்லை என்றே அவரைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

யார்க்கில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் படித்தார். பதினாறு வயதில் எழுதிய நுழைவுத் தேர்வின் விடைத்தாளைப் பார்த்த பேலியல் ஆசிரியர்கள், இந்தப் பையன் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடக் கூடாது என்று முந்திக்கொண்டு இடம் கொடுத்தார்கள். 1931இல் கல்லூரியில் சேருமுன் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் சில காலம் தங்கினார். நாஜிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதைக் கண்ணால் பார்த்தார். திரும்பி வந்தால் பிரிட்டனில் பொருளாதார மந்தமும் வேலையில்லாத் திண்டாட்டமும். அந்தத் தலைமுறையின் பல இளைஞர்களைப் போல அவரும் மார்க்சியத்துக்கு வந்தார். 1934இல் முதல் வகுப்பில் தேறினார். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியின் ஃபெல்லோவாகவும் (ஆய்வு உறுப்பினராகவும்) தேர்வானார். 1935இல் மாஸ்கோ சென்று மாதக்கணக்கில் தங்கி ரஷ்ய மொழியைக் கற்று, ஆங்கில வரலாறு பற்றி சோவியத் அறிஞர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். அடுத்து கார்டிஃபில் இரண்டு ஆண்டுகள் கற்பித்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வதேசப் படையில் சேர முயன்றும் எடுக்கவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்த அகதிகளுக்கு உதவும் வேலையில் இறங்கினார். 1938இல் பேலியலுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

'ஆங்கிலப் புரட்சி'ங்கறாரே, அது என்ன? இங்கிலாந்துல புரட்சியே நடக்கல, எல்லாம் நிதானமா மாறிச்சுன்னுதானே படிச்சோம்?

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடந்ததைப் பாருங்கள். முதலாம் சார்லஸ் 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே கப்பல் வரி போன்றவற்றை வசூலித்தார். பணமுடை முற்றி 1640இல் நாடாளுமன்றத்தைக் கூட்டியே ஆகவேண்டி வந்தது. 1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. நாடாளுமன்றப் படை வென்றது. 1649 ஜனவரி 30 அன்று லண்டனில், மக்கள் கூடிநிற்க, மன்னரின் தலை வெட்டப்பட்டது. பிரபுக்கள் சபை ஒழிக்கப்பட்டு நாடு குடியரசானது. ஆலிவர் கிராம்வெல் ஆண்டார். 1660இல் மன்னராட்சி மீண்டது.

இதை வேறு நாட்டில் நடந்ததாகச் சொன்னால் புரட்சி என்போம். ஆங்கிலேய வரலாற்றாளர்கள் 'உள்நாட்டுப் போர்' என்றோ, 19ஆம் நூற்றாண்டின் எஸ். ஆர். கார்டினரைப் பின்பற்றி 'பியூரிட்டன் புரட்சி' என்றோ எழுதிவந்தார்கள். பியூரிட்டன்கள் என்பவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையில் மிச்சமிருந்த சடங்குகளையும் பிஷப்புகளின் அதிகாரத்தையும் எதிர்த்த புராட்டஸ்டண்ட் பிரிவினர். இவர்கள் நடத்தியது மதச் சண்டை, மன்னர் செய்தது அரசியல் சட்ட மீறல் என்பதோடு கதை முடிந்துவிடும். ஹில்லுக்கு அது போதவில்லை.

அப்படி என்ன புதுசா சொல்லிட்டார்?

1940இல், அந்தப் புரட்சியின் 300ஆம் ஆண்டில், 'தி இங்கிலிஷ் ரெவல்யூஷன் 1640' என்ற நீண்ட கட்டுரை எழுதினார். பிரெஞ்சுப் புரட்சி எந்த வகையைச் சேர்ந்ததோ அதே வகைதான் இதுவும் என்றார். பழைய நிலப்பிரபுத்துவ ஒழுங்கைக் காப்பாற்ற நின்ற அரசும் திருச்சபையும் ஒருபக்கம். வணிகமும் சந்தைக்கான விவசாயமும் செய்து வளர்ந்த புது வர்க்கம் மறுபக்கம். மதத்தின் மொழியில் பேசினாலும் சண்டை அதிகாரத்துக்கும் சொத்துக்கும்தான் என்பது அவர் வாதம்.

போருக்குப் போய்ச் செத்துவிடுவோம் என்ற எண்ணத்தில், கோபத்தோடு, கிட்டத்தட்ட மரண சாசனம் மாதிரி அவசரமாக எழுதியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வேகம் வரிக்கு வரி தெரிகிறது. சான்றுகளைவிட உறுதி அதிகம். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டு விவாதத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

போர்க் காலத்துல என்ன செஞ்சார்?

1940இல் படையில் சேர்ந்தார். பிறகு உளவுப் பிரிவில் மேஜராக உயர்ந்தார். ரஷ்ய மொழி தெரிந்தவர் என்பதால் 1943 முதல் போர் முடியும்வரை வெளியுறவு அலுவலகத்தில் ரஷ்யா தொடர்பான பணியில் அமர்த்தப்பட்டார். 1945இல் கே. இ. ஹோம் என்ற புனைபெயரில் சோவியத் ஒன்றியத்தையும் பிரிட்டனையும் ஒப்பிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். இந்தப் பதவியை ஒட்டி எழுந்த குற்றச்சாட்டுக்குப் பின்னால் வருகிறேன்.

ஹாப்ஸ்பாம், தாம்சன் இவங்களோட சேர்த்தே இவர் பேரையும் சொல்றாங்களே, என்ன தொடர்பு?

எல்லோரும் ஒரே குழுவில் உட்கார்ந்து வாதாடியவர்கள். போர் முடிந்ததும் 1946இல் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் வரலாற்றாளர் குழு தொடங்கியது. எரிக் ஹாப்ஸ்பாம், இ. பி. தாம்சன், ராட்னி ஹில்டன், ஜான் சாவில், டோனா டார், லாகூரில் ஆசிரியராக இருந்துவிட்டு வந்து உருதுக் கவிஞர்கள் இக்பாலையும் ஃபைஸையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த விக்டர் கீர்னன் என்று பலர் இருந்தார்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் தயவு தாட்சண்யமில்லாமல் கிழித்துப்போடும் கூட்டங்கள் அவை. மன்னர்களையும் அமைச்சர்களையும் விட்டுவிட்டுக் குடியானவர், கைவினைஞர், கூலிக்காரர் பக்கமிருந்து வரலாற்றைப் பார்க்கும் முறை அங்கே பழகியது.

1952இல் இவர்களில் சிலர் சேர்ந்து 'பாஸ்ட் அண்ட் ப்ரெசன்ட்' என்ற வரலாற்று இதழைத் தொடங்கினார்கள். மார்க்சியர் அல்லாதவர்களுக்கும் அதில் ஆரம்பம் முதலே இடம் இருந்தது. இன்றும் வெளிவருகிறது, உலகின் முன்னணி வரலாற்று ஆய்விதழ்களில் ஒன்று. பனிப்போரின் உச்சத்தில் இதைச் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் ஏன் கட்சியை விட்டார்?

1956 பிப்ரவரியில் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை குருஷ்சேவ் கட்சி மாநாட்டில் போட்டு உடைத்தார். அதே ஆண்டு இறுதியில் ஹங்கேரி எழுச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கின. பிரிட்டிஷ் கட்சித் தலைமை அதை ஆதரித்தது. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள்.

ஹில் உடனே போய்விடவில்லை. உட்கட்சி ஜனநாயகம் பற்றி ஆராயக் கட்சி அமைத்த குழுவில் இருந்து, தலைமையின் சர்வாதிகாரப் போக்கைக் கண்டித்து மால்கம் மக்எவன், பீட்டர் கடோகன் இருவரோடும் சேர்ந்து சிறுபான்மை அறிக்கை எழுதினார். 1957 மாநாடு அந்த அறிக்கையைத் தோற்கடித்தது. அதன்பிறகே விலகினார். உள்ளே இருந்து மாற்றக் கடைசிவரை முயன்று, முடியாது என்று தெரிந்தபின் வெளியேறியதை நான் பெரிதாக மதிக்கிறேன். கட்சியை விட்டாரே தவிர மார்க்சியப் பார்வையை விடவில்லை. கட்சி நிழல் விலகிய பிறகுதான் அவருடைய சிறந்த நூல்களில் பெரும்பாலானவை வந்தன.

ஒரு மார்க்சியவாதி ஏன் வாழ்நாள் முழுக்க பைபிள், சர்ச், பியூரிட்டன்னு மதத்தையே எழுதிட்டிருந்தார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஹில்லின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மதம் என்பது பொருளாதாரத்தின் மேல் போர்த்திய துணி, துணியை இழுத்தால் உண்மை தெரியும் என்று 1940 கட்டுரையில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். பிறகு அவரே அதில் நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு மனிதர் பசியையும் வரியையும் நீதியையும் விடுதலையையும் பேச வேறு மொழி இல்லாமல் பைபிளின் மொழியில் பேசினார் என்றால், அந்த மொழியைக் கற்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. நம்பிக்கையை இழந்த ஒருவர், நம்பியவர்களின் சொற்களை இத்தனை மரியாதையோடு காதுகொடுத்துக் கேட்டது அபூர்வம்.

எடுத்துக்காட்டாக, 1956இல் வெளிவந்த 'எகனாமிக் ப்ராப்ளம்ஸ் ஆஃப் தி சர்ச்'. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகப் பங்குக் குருவுக்குப் போகவேண்டும். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, மடங்கள் வைத்திருந்த தசமபாக உரிமை நிலக்கிழார்களின் கைக்கு மாறியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஊர்களில் இந்த நிலை. குடியானவர் கோயிலுக்கென்று கொடுப்பதை நிலக்கிழார் எடுத்துக்கொள்வார்; குருவுக்குச் சொற்பச் சம்பளம்; படித்த போதகர் ஊருக்கு வரமாட்டார். சார்லஸின் ஆட்சியில் பேராயர் லாட் அந்த வருமானத்தைத் திருச்சபைக்கு மீட்கப் பார்த்தபோது நிலமுள்ளவர்கள் கொதித்தார்கள். பக்தியும் சொத்தும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதைக் கணக்கும் வழக்குமாகக் காட்டிய நூல். ஹில்லோடு ஒத்துப்போகாதவர்களும் மதிக்கும் நூல்.

1964இல் வந்த 'சொசைட்டி அண்ட் பியூரிட்டனிசம்' இன்னும் விரிவானது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் பியூரிட்டன்கள் ஏன் அவ்வளவு கண்டிப்பு காட்டினார்கள்? பழைய திருச்சபை நாட்காட்டியில் புனிதர்களின் திருநாட்கள் ஏராளம். சொந்தப் பட்டறையும் கடையும் வைத்து உழைத்தவர்களுக்கு அவை இடைஞ்சல். ஆறு நாள் ஒழுங்கான வேலை, ஏழாம் நாள் முழு ஓய்வு, அன்றைக்கு வேதவாசிப்பு என்பது அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தியது. மன்னர்களோ 1618லும் 1633லும் ஞாயிறன்று விளையாடலாம் என்று அறிவிப்பு விட்டார்கள். ஓய்வுநாள் சண்டைக்குள் வேலை ஒழுங்கு பற்றிய சண்டை இருந்ததை அவர் காட்டியபிறகு, அந்தக் காலத்துப் பிரசங்கங்களை யாரும் பழையபடி படிக்க முடியவில்லை.

காலேஜ் 'மாஸ்டர்'னா நம்ம ஊர் பிரின்சிபால் மாதிரியா?

முழுக்க அப்படி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன்னாட்சியுள்ள பல கல்லூரிகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் சொந்த நிலம், சொத்து, சட்டதிட்டம் உண்டு. கல்லூரியை நடத்துவது ஃபெல்லோக்கள் எனப்படும் ஆசிரியர்களின் ஆட்சிக் குழு. தலைவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அரசோ துணைவேந்தரோ நியமிப்பதில்லை. பேலியலில் அவர் மாஸ்டர்; மற்ற கல்லூரிகளில் வார்டன், பிரசிடென்ட், ப்ரோவோஸ்ட், ரெக்டர் என்று பெயர் மாறும். வேலை ஒன்றுதான். தன்னிச்சையாக உத்தரவு போடும் அதிகாரம் குறைவு. கூட்டத்துக்குத் தலைமை வகித்து, பேசி இணங்கவைத்துத்தான் காரியம் நடத்தவேண்டும்.

பேலியல் 13ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பிரதமர்களையும் அமைச்சர்களையும், அந்தக் கால இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரிகளையும் வரிசையாக உருவாக்கிய இடம். அதன் தலைவர் பதவிக்கு நாட்டளவில் மதிப்பு உண்டு.

முன்னாள் கம்யூனிஸ்ட்டை அப்படிப்பட்ட காலேஜுக்கு எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?

கூடவே வேலை பார்த்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே பதில். 1938 முதல், போர்க் காலம் நீங்கலாக, அவர் அங்கே பாடம் நடத்தியவர். ஆக்ஸ்ஃபோர்டின் டுட்டோரியல் முறையில் மாணவர் வாராவாரம் கட்டுரை எழுதிவந்து ஆசிரியர் முன் வாசிப்பார். ஹில்லிடம் அப்படிப் படித்தவர்களில் கீத் தாமஸும் ஒருவர். பிற்காலத்தில் பெரும் வரலாற்றாளராகி, அவரும் ஆக்ஸ்ஃபோர்டில் இன்னொரு கல்லூரிக்குத் தலைவரானார். தன் கருத்தை மாணவர் தலையில் திணிக்காத ஆசிரியர் என்ற பெயர் ஹில்லுக்கு இருந்தது. 1962இல் மதிப்புமிக்க ஃபோர்டு சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். டேவிட் லிண்ட்சே கீர் ஓய்வு பெற்றபோது, 1965இல், ஃபெல்லோக்கள் ஹில்லைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் வெளியே பலருக்கு அது வியப்புதான்.

பதின்மூன்று ஆண்டுகளும் சும்மா கழியவில்லை. 1968ஐ ஒட்டி உலகெங்கும் மாணவர் கிளர்ச்சி. நிர்வாகத்தில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று கேட்ட மாணவர்களைப் பகைவர்களாகப் பார்க்காத தலைவர் அவர். வேலை நெருக்கடிக்கு நடுவில் எழுத்தும் நிற்கவில்லை. கிராம்வெல் பற்றி 1970இல் ஒன்று, 1972இல் அவருடைய மிகப் புகழ்பெற்ற நூல், 1977இல் கவிஞர் மில்டன் பற்றி ஒரு பெருநூல். கல்லூரித் தலைவரானதும் பேனாவை மூடிவைத்தவர்கள் பட்டியல் பெரிது. ஹில் அதில் சேரவில்லை.

பெண்களை பேலியல்ல சேர்த்தது இவர்தானா?

வழி திறந்தது அவர் காலத்தில். இளநிலை மாணவியர் வந்து சேர்ந்தது 1979இல், அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டு. 1960களிலேயே பெண்கள் கல்லூரியான செயின்ட் ஆன்ஸோடு சேர்ந்து, ஆண் பெண் இருபாலரும் இருக்கும் பட்டமேற்படிப்பு மையத்தைப் பேலியல் ஹாலிவெல் மேனரில் நடத்தத் தொடங்கியது. 1973இல் பிரெஞ்சு இலக்கிய ஆசிரியர் கேரல் கிளார்க் ஃபெல்லோவானார். பழைய ஆண்கள் கல்லூரிகளில் அப்படி ஒரு பெண் ஆசிரியர் வந்தது அதுவே முதல்முறை. 1974இல் வேறு ஐந்து கல்லூரிகள் மாணவியரைச் சேர்த்தன, பேலியல் இல்லை. எனவே முதலில் செய்தவர் என்று சொல்லக் கூடாது. ஆதரித்து நின்றவர் என்றால் சரி. அவருடைய மனைவி பிரிட்ஜெட் ஹில்லும் வரலாற்றாளர். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்களின் உழைப்பும் வாழ்வும் பற்றி எழுதியவர்.

'தி வேர்ல்ட் டேர்ன்ட் அப்சைட் டவுன்' ஏன் அவ்வளவு பெரிய பேர் வாங்கிச்சு?

ஜெயித்தவர்களின் புரட்சிக்குள் தோற்றுப்போன இன்னொரு புரட்சி இருந்தது என்று 1972இல் வந்த இந்த நூல் சொன்னது. சொத்துரிமையையும் நாடாளுமன்ற ஆதிக்கத்தையும் நிலைநாட்டிய புரட்சி வென்றது. சொத்தைப் பொதுவாக்கி, அரசுத் திருச்சபையை ஒழித்து, பழைய ஒழுக்க விதிகளையே கேள்வி கேட்டிருக்கக்கூடிய புரட்சி நடக்காமல் போனது. அந்த நடக்காத புரட்சியின் மனிதர்களைத்தான் அவர் தேடிப் போனார்.

1649 ஏப்ரல் 1 அன்று, மன்னரைக் கொன்று இரண்டே மாதம் ஆன நிலையில், சர்ரே மாவட்டத்தின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் ஒரு சிறு கூட்டம் தரிசு நிலத்தைக் கொத்தத் தொடங்கியது. டிக்கர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களுக்காக எழுதியவர் ஜெரார்ட் வின்ஸ்டன்லி; லண்டனில் துணி வியாபாரத்தில் நொடித்துப்போய் மாடு மேய்த்துப் பிழைத்தவர். பூமி எல்லோருக்கும் பொதுவான செல்வம், அதை வாங்குவதும் விற்பதும் திருட்டு என்று எழுதினார். நிலக்கிழார்கள் ஆள் விட்டு அடித்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஓராண்டில் எல்லாம் முடிந்தது. வின்ஸ்டன்லியைத் தேடிப் படித்தவர்கள் ஹில்லுக்கு முன்பும் உண்டு. ஆனால் வாக்குரிமையை விரிவாக்கக் கேட்ட லெவலர்கள், டிக்கர்கள், ரான்டர்கள் (இவர்களைப் பற்றிக் கீழே), குரு இல்லாமலே கூடி வழிபட்ட ஆரம்பகாலக் குவேக்கர்கள் எல்லோரையும் ஒரே கொந்தளிப்பின் அலைகளாக, ஒருவர் சொல்லை இன்னொருவர் சொல்லோடு உரசிக் காட்டியவர் ஹில்தான். பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைச் சிந்தனையாளர்களாக நடத்தினார். 1970களின் இளைஞர்கள் அதில் தங்களையே கண்டார்கள். 1978இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நாடகமாகவும் மேடையேறியது.

ஹெக்ஸ்டர்னு ஒரு அமெரிக்கர் இவரை நார் நாராக் கிழிச்சாராமே?

ஆமாம். ஜே. எச். ஹெக்ஸ்டர் 1975 அக்டோபரில் டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்டில் எழுதிய நீண்ட விமர்சனம் அது. குற்றச்சாட்டு இரண்டு. ஹில் முதலில் ஒரு முடிவை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் மேற்கோள்களை மட்டும் நூல்களிலிருந்து தோண்டி எடுக்கிறார் என்பது ஒன்று. வேறுபட்டவர்களையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டுகிறார் என்பது மற்றொன்று. ஹில் அதே இதழில் பதில் எழுதினார்.

குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஹில் பெரும்பாலும் அச்சிட்ட நூல்களை நம்பியவர். மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கையெழுத்துச் சுவடிகளோடு மல்லுக்கட்டியவர் இல்லை. ஒரு பக்கத்தில் பத்து மேற்கோள் அடுக்குவார். எதிர்த் திசையில் பேசிய பத்துப் பேர் அந்தப் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். ஆனால் அந்த அச்சுக் கடலின் அளவையும் பார்க்கவேண்டும். 1641இல் தணிக்கை குலைந்ததும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாயிற்று. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வியாபாரி மட்டும் இருபது ஆண்டுகளில் 22,000க்கு மேற்பட்ட பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் சேர்த்துவைத்தார். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் குவியலை ஹில் அளவுக்குப் படித்துச் செரித்தவர்கள் அரிது. தேர்ந்தெடுத்ததில் சாய்வு இருந்தது என்பேன். படிக்காமல் எழுதினார் என்பதை ஏற்கமாட்டேன்.

ரான்டர்கள்னு ஒரு கூட்டமே இல்லைங்கறாங்களே?

1986இல் ஜே. சி. டேவிஸ் வைத்த வாதம் இது. பாவம் என்பதே இல்லை, கடவுள் எல்லாவற்றிலும் இருக்கிறார் என்று சொல்லிக் கட்டுப்பாடில்லாமல் வாழ்ந்ததாகப் பேசப்படும் ரான்டர்கள், பயந்துபோன பத்திரிகைக்காரர்கள் கிளப்பிய பூச்சாண்டி. அதை ஹில் போன்றவர்கள் நம்பிவிட்டார்கள் என்றார். ஹில் கடுமையாக மறுத்தார். அமைப்பாக, தலைவரும் உறுப்பினரும் உள்ள ஒரு பிரிவாக அவர்கள் இருந்ததற்குச் சான்று மெலிவு. இதில் டேவிஸ் பக்கம் வலு. ஆனால் அபியேசர் காப், லாரன்ஸ் கிளார்க்சன் போன்ற ஆட்கள் இருந்தார்கள், எழுதினார்கள், சிறை போனார்கள். அவர்களின் எழுத்து இன்றும் கையில் கிடைக்கிறது.

அவர் ரஷ்ய உளவாளின்னு சொல்றாங்களே, உண்மையா?

ஹில் இறந்த கொஞ்ச நாளிலேயே, 2003இல், ஆந்தனி கிளீஸ் என்ற ஆய்வாளர் இதை எழுப்பினார். கட்சி உறுப்பினர் என்பதை மறைத்து, போர்க் காலத்தில் வெளியுறவு அலுவலகத்தில் நுழைந்து சோவியத் சார்பாக வேலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. நண்பர்களும் மாணவர்களும் மறுத்தார்கள். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

என் முடிவு இது. அவர் ரகசியங்களைக் கடத்தியதாகச் சான்று எதுவும் வெளிவரவில்லை. மறைத்தார் என்பதும் எளிதில் ஒட்டவில்லை. 1940 கட்டுரை கட்சியோடு தொடர்புடைய பதிப்பகத்தில் அவர் சொந்தப் பெயரிலேயே வந்தது. மேலும், பிரிட்டனின் எம்ஐ5 உளவு அமைப்பு அவரைப் பற்றிச் சேர்த்த கோப்புகள் 2014இல் பொதுவில் திறக்கப்பட்டன. 1930களின் மாஸ்கோப் பயணம் தொட்டு அவரைக் கவனித்துவந்ததும், பிற்காலத்தில் கடிதங்களைப் பிரித்ததும், தொலைபேசியை ஒட்டுக்கேட்டதும் அவற்றில் இருக்கின்றன. அரசு இவ்வளவு கவனித்த ஒருவரை மறைந்திருந்த ஆள் என்பது பொருந்தாது.

சரி, ஸ்டாலினைப் புகழ்ந்து எழுதினவர்தானே?

எழுதினார். ஸ்டாலின் இறந்த 1953இல், வரலாற்றியலுக்கு அவர் செய்த பங்களிப்பைப் பாராட்டி ஒரு கட்டுரை. 1947இல் லெனின் பற்றி எழுதிய சிறு நூலிலும் ட்ராட்ஸ்கிக்கு உரிய இடம் கொடுக்கவில்லை. ஒடுக்கப்பட்டவர் குரலைத் தேடிய வரலாற்றாளர், தன் காலத்தில் ஒடுக்கப்பட்ட லட்சக்கணக்கானவர் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இதற்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை. அவரை நேசிப்பவர்கள் இந்தப் பக்கங்களையும் படிக்கவேண்டும். 1957இல் நடந்ததை மேலே சொன்னேன். இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

முதலாளித்துவப் புரட்சின்னு சொன்னதை பின்னாடி மாத்திக்கிட்டாரா?

விட்டுவிடவில்லை, திருத்திக்கொண்டார். 1970களிலிருந்து கான்ராட் ரஸ்ஸல், ஜான் மாரில், மார்க் கிஷ்லான்ஸ்கி போன்றவர்கள் வேறு படத்தைக் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி நிலக்கிழார்களே இருந்தார்கள், வர்க்கப் பிளவு தெரியவில்லை, 1640இல் யாரும் புரட்சி செய்யக் கிளம்பவில்லை, நிதி நெருக்கடியும் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கலகங்களும் சேர்ந்து வந்த விபத்து இது என்றார்கள். ஆவணக் காப்பகங்களில் உழைத்து அவர்கள் சேர்த்த சான்றுகளைத் தள்ளிவிட முடியாது.

1980இல் வந்த கட்டுரையில் ஹில் தன் வாதத்தை இப்படி நகர்த்தினார்: முதலாளிகள் திட்டம் போட்டு நடத்திய புரட்சி என்று பொருளில்லை, யார் எதை நினைத்துத் தொடங்கியிருந்தாலும் விளைவு முதலாளித்துவ வளர்ச்சிக்கு வழிவிட்டது. விளைவுகளைப் பார்த்தால் இதில் சாரம் இருக்கிறது. மன்னர் தன் விருப்பப்படி நடத்திய நட்சத்திர மண்டப நீதிமன்றம் 1641இல் போனது, திரும்ப வரவில்லை. பெரிய நிலக்காரர்கள் மன்னருக்குச் செலுத்திய நிலப்பிரபுத்துவக் கடமைகள் 1646இல் ஒழிந்தன. 1660இல் மன்னராட்சி மீண்டபோதும் அந்த ஒழிப்பை உறுதிசெய்தார்கள். ஆனால் சிறு குடியானவருக்கு நிலத்தில் அதே பாதுகாப்புக் கிடைக்கவில்லை. யார் ஜெயித்தது என்ற கேள்விக்கு இந்த ஒரு விஷயமே பாதி பதில்.

ஓய்வுக்கு அப்புறம் ஒதுங்கிட்டாரா?

இல்லவே இல்லை. 1978இல் பேலியலை விட்டதும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு கற்பித்தார். வேலை பார்த்துக்கொண்டே தபாலிலும் வானொலியிலும் பாடம் படித்தவர்கள் அங்கே மாணவர்கள். அவர் விரும்பிப் போன இடம் அது. அதே ஆண்டு டொனால்ட் பெனிங்டனும் கீத் தாமஸும் அவருக்கு மரியாதை செய்யும் கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 1984இல் 'தி எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் டிஃபீட்': 1660இல் எல்லாம் தோற்றபிறகு மில்டனும் குவேக்கர்களும் பழைய போராளிகளும் அந்தத் தோல்வியோடு எப்படி வாழ்ந்தார்கள் என்ற நூல். 1988இல் 17ஆம் நூற்றாண்டின் போதகரும் எழுத்தாளருமான ஜான் பனியன் பற்றி, 1993இல் ஆங்கில பைபிள் பற்றி, 1996இல் சட்டத்துக்கு வெளியே வாழ்ந்த எளியவர்கள் பற்றி. கடைசி ஆண்டுகளில் நினைவாற்றல் மங்கும் நோய் அவரைப் பிடித்தது.

எதிலேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

காலவரிசை தெரியாதவர்கள் 'தி செஞ்சுரி ஆஃப் ரெவல்யூஷன்' எடுங்கள். 1961இல் மாணவர்களுக்காக எழுதியது. 1603 முதல் 1714 வரை நிகழ்ச்சி, பொருளாதாரம், மதம், சிந்தனை என்று பிரித்துச் சொல்கிறது. அடுத்து நேரே 'தி வேர்ல்ட் டேர்ன்ட் அப்சைட் டவுன்'. அதில் வரும் பெயர்கள் முதலில் மூச்சுமுட்டவைக்கும். வின்ஸ்டன்லி பற்றிய அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் வழி தெரியும்.

மூன்றாவதாக, பைபிள் பழக்கமுள்ளவர்களுக்கு 1993 நூல். ஜெனிவா பைபிள் என்ற 1560ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் ஓரக்குறிப்பு ஒன்று, எபிரெயக் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு மருத்துவச்சிகள் கீழ்ப்படியாதது நியாயம் என்கிறது. மன்னர் ஜேம்ஸுக்கு அந்தக் குறிப்புகள் பிடிக்கவில்லை. 1611இல் வந்த புது மொழிபெயர்ப்பில் அப்படிப்பட்ட குறிப்புகளுக்கு இடமில்லாமல் போனது. ஓரக்குறிப்பு எப்படி அரசியலாகும் என்று நூல் முழுக்கக் காட்டுகிறார். 1940 கட்டுரையைக் கடைசியில் படியுங்கள். அதோடு கான்ராட் ரஸ்ஸலின் எதிர்வாதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.